வேலைக்காரர்கள் நீங்கலாக: ஹாட்டி மெக்டேனியலின் நடிப்பும் வழக்கும்

1945 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் சுப்பீரியர் நீதிமன்றத்தில் ஒரு சொத்து வழக்கு விசாரணைக்கு வந்தது. பிரதிவாதிகளுள் ஹாட்டி மெக்டேனியல், லூயிஸ் பீவர்ஸ், எத்தல் வாட்டர்ஸ் என அமெரிக்கா முழுவதும் அறிந்த மூன்று கலைஞர்கள் இருந்தனர். வாதிகள் அவர்களுடைய அண்டை வீட்டார். வாதிகளின் வாதம் எளியது. பிரதிவாதிகள் கறுப்பினத்தவர், இப்பகுதியின் பத்திரங்களில் வெள்ளையரல்லாதார் குடியிருக்கக் கூடாது என்று எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே, அவர்கள் விலை கொடுத்து வாங்கிய வீடுகளிலிருந்து அவர்களை வெளியேற்ற வேண்டும்.

ஹாட்டி மெக்டேனியல் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்புதான் ஆஸ்கார் விருது பெற்றிருந்தார். அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவரே. விருதைப் பெற்றுத் தந்த வேடம், வெள்ளையர் மாளிகையில் அடிமையாக இருந்து, அடிமை முறை ஒழிந்த பின்னும் அதே வீட்டிலேயே தங்கிவிடும் ஒரு பணிப்பெண்ணின் வேடம். திரையில் அவர் வெள்ளையர் வீட்டுக்குள் போகாத நாளில்லை. நீதிமன்றத்தில் வழக்காடியவர்களுக்கு அவர் தம் பக்கத்து வீட்டில் இருப்பதுதான் பொறுக்கவில்லை.

இதில் முரண்பாடு இருப்பதாக முதலில் தோன்றும். அக்காலத்து அமெரிக்கக் கிரயப் பத்திரங்களைப் படித்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. இன்ன இனத்தவர் இங்கு வாழக் கூடாது என்று கூறும் ஷரத்தை அடுத்து, அப்பத்திரங்கள் பலவற்றில் ஒரு விலக்கும் எழுதப்பட்டிருக்கும்: வீட்டு உரிமையாளருடன் தங்கிப் பணிசெய்யும் வேலைக்காரர்களை இத்தடை கட்டுப்படுத்தாது. வீட்டுக் கடன்களுக்கு உத்தரவாதம் அளித்த அமெரிக்க அரசின் வீட்டுவசதி நிர்வாகமே 1930களில் இத்தகைய ஷரத்துகளை ஊக்குவித்தது. கறுப்பினப் பெண் அந்த வீட்டில் இருக்கலாம், வேலைக்காரியாக மட்டும். ஹாலிவுட் அவளுக்கு எழுதிய கதாபாத்திரமும் இந்த விலக்கு வாசகமும் ஒரே கையெழுத்தில் அமைந்தவை என்பதே நம் கருத்து.

கல்லூரி அரங்குகளில் இவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மாணவர்களிடமிருந்து ஒரே கேள்வி எழுகிறது: அந்த வேடங்களை அவர் ஏன் ஏற்றார்? நியாயமான கேள்விதான். அவர் காலத்துக் கறுப்பின இயக்கத்தாரும் அதையே கேட்டார்கள், கடுமையாகவே கேட்டார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரை மட்டும் விசாரித்து, அதை எழுதியவரை விட்டுவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அந்தப் பழக்கத்தின் விளைவு என்ன என்பதை மெக்டேனியலின் வாழ்வைக் கொண்டு பார்க்க முடியும்.

அவர் 1890களில் கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் பிறந்தார். பதின்மூன்று குழந்தைகளில் கடைசி. பெற்றோர் இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தந்தை ஹென்றி உள்நாட்டுப் போரில் வடக்கின் கறுப்பினப் படையில் சேர்ந்து போரிட்டவர். போரில் கெட்ட உடல்நிலைக்கான ஓய்வூதியத்துக்காக அவர் அரசு அலுவலகங்களோடு நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது. குடும்பம் கொலராடோவுக்குக் குடிபெயர்ந்து டென்வரில் நிலைத்தது. அங்குதான், பள்ளி மாணவியாக இருந்தபோது, 1910இல் மதுவிலக்குப் பெண்கள் சங்கம் நடத்திய ஒப்புவித்தல் போட்டியில் மெக்டேனியல் பரிசு வென்றார்.

மேடை வாழ்க்கை குடும்பத்திலிருந்தே தொடங்கியது. அண்ணன் ஓட்டிஸ் மின்ஸ்ட்ரல் குழு நடத்தினார். மின்ஸ்ட்ரல் என்பது 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் உருவாக்கிய மேடைவகை. எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பினத்தவரைச் சோம்பேறிகளாகவும் மூடர்களாகவும் நடித்துக் காட்டிச் சிரிக்கவைப்பது அதன் தொழில். பிற்காலத்தில் மேடை வேண்டும் என்ற கறுப்பினக் கலைஞர்களும் அதே கரியைப் பூசிக்கொள்ள வேண்டியிருந்தது. 1914இல் மெக்டேனியலும் அவருடைய அக்காவும் பெண்கள் மட்டுமே கொண்ட ஒரு மின்ஸ்ட்ரல் குழுவைத் தொடங்கினார்கள். டென்வரின் கறுப்பின மக்கள் முன்னிலையில், 'மாமி' எனப்படும் விசுவாசமான பணிப்பெண் உருவத்தை மிகைப்படுத்திக் கேலிப்பொருளாக்கினார் என்று, அவருடைய வரலாற்றை விரிவாக எழுதிய ஜில் வாட்ஸ் விளக்குகிறார். நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. வெள்ளையர் கற்பனையில் பிறந்த 'மாமி'யை அவர் முதன்முதலில் நடித்தது, அந்தக் கற்பனையைக் கண்டு நகைக்கத் தெரிந்த தம் மக்களுக்காக. அதே உடல்மொழியைப் பின்னாளில் வெள்ளையர் நிறைந்த திரையரங்குகளுக்குக் கொண்டுபோனபோது, கேலி எவ்வளவு மிஞ்சியது, எவ்வளவு கரைந்தது என்பது இன்றும் தீராத விவாதம்.

1920களில் ஜார்ஜ் மாரிசனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். டென்வர் வானொலியில் பாடினார். தாமே எழுதிய புளூஸ் பாடல்களை இசைத்தட்டில் பதிவுசெய்தார். 1929இன் பொருளாதாரச் சரிவு எல்லாவற்றையும் துடைத்துப்போட்டது. மில்வாக்கி நகருக்கு அருகில் ஒரு கேளிக்கை விடுதியில் பெண்கள் கழிப்பறையைக் கவனித்துக்கொள்ளும் வேலைதான் அவருக்குக் கிடைத்தது. மேடையேற்ற உரிமையாளருக்கு முதலில் மனமில்லை. பிறகு ஒரு நாள் பாட இடம் கிடைத்தது. அதன்பின் அங்கேயே நிலையான பாடகியானார்.

1931இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார். அண்ணன் சாம் வாய்ப்பு வாங்கித் தந்த வானொலி நிகழ்ச்சியில் மக்கள் விரும்பும் குரலானார். ஆனால் வானொலி தந்த ஊதியம் பிழைப்புக்குப் போதவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் வீட்டு வேலைக்குப் போனார். வேலைக்காரியாக நடிக்க எழுநூறு டாலர் வாங்குவது, வேலைக்காரியாகவே இருந்து ஏழு டாலர் வாங்குவதைவிட மேல் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு பல வடிவங்களில் வழங்குகிறது. அதைத் தன்னலத்தின் சான்றாக எடுத்துக்காட்டுவோர் உண்டு. அந்த ஏழு டாலர் வேலையை அவர் உண்மையாகவே செய்தவர் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

1932 முதல் திரைப்படங்கள் வந்தன. பெயர்ப் பட்டியலில் இடம்பெற்றவை எண்பதைச் சுற்றி இருக்கும்; பெயர் காட்டாதவற்றையும் சேர்த்தால் முந்நூறு வரை இருக்கலாம் என்பார்கள். பெரும்பாலானவை கதவு திறக்கும், தட்டு ஏந்தும் வேடங்கள். குணச்சித்திர நடிகரின் திறமை தெரிவது இத்தகைய இடங்களில்தான். 1935இல் வெளிவந்த 'ஆலிஸ் ஆடம்ஸ்' படத்தின் விருந்துக் காட்சியைப் பாருங்கள். நடுத்தரக் குடும்பம் ஒன்று, மகளைத் தேடிவரும் செல்வந்த இளைஞனுக்குத் தாங்களும் வசதியானவர்கள் என்று காட்ட, ஒரு நாள் கூலிக்குப் பணிப்பெண்ணை அமர்த்துகிறது. புழுக்கமான மாலை. மெக்டேனியல் வாயில் எதையோ மென்றுகொண்டே வருகிறார். தலையிலிருந்து குல்லாய் சரிகிறது. தட்டை நீட்டும் கையில் எந்த அவசரமும் இல்லை. அவருக்கு வசனம் மிகக் குறைவு. அந்த வீட்டின் பொய் முழுவதும் அவருடைய அசட்டையான நடையில் வெளிப்பட்டுவிடுகிறது. இயக்குநர் அதைச் சிரிப்புக்காக வைத்தார் என்பது உண்மையே. ஆயினும் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைத் தீர்மானிப்பவர் அவர்தான். 1938இல் வந்த 'தி மேட் மிஸ் மேன்டன்' படத்தில் வீட்டு எசமானிக்கு எதிர்வார்த்தை பேசுவார். கதாநாயகன் ஹென்றி ஃபோண்டா மீது குடத்துத் தண்ணீரை வீசுவார். இப்படி எதிர்த்துப் பேசும் பணிப்பெண்ணைத் தெற்கு மாநில வெள்ளைப் பார்வையாளர் சிலரால் ஏற்க முடியவில்லை.

பின்னர் 'கான் வித் த விண்ட்' வந்தது. அடிமை முறையை அன்பு நிறைந்த குடும்ப அமைப்பாகக் காட்டும் படம் அது. அதன் அரசியலைப் பற்றி நமக்கு ஐயமில்லை. மெக்டேனியலின் கதாபாத்திரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது, 'மாமி' அவ்வளவே. கணவனில்லை, பிள்ளையில்லை, தனக்கென்று ஒரு கவலையில்லை. படப்பிடிப்புக்கு முன்பே கறுப்பினப் பத்திரிகைகளும் அமைப்புகளும் எதிர்த்தன. அந்த எதிர்ப்பினால்தான் இழிசொல் ஒன்றைத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் திரைக்கதையிலிருந்து நீக்கினார். படம் வெளிவந்தபின் நாடகாசிரியர் கார்ல்டன் மாஸ் செல்ஸ்னிக்குக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் இன்றும் படிக்கத்தக்கது. இத்தனைக்கும் நடுவே, மெக்டேனியல் படிக்கட்டில் அழுதுகொண்டே ஏறியபடி, குழந்தையின் மரணத்தால் சிதைந்த வீட்டின் நிலையைச் சொல்லும் காட்சி ஒன்று இருக்கிறது. அந்தச் சில நிமிடங்களுக்குப் படம் அவர் கையில் இருக்கிறது.

1939 டிசம்பர் 15 அன்று அட்லாண்டாவில் முதல் காட்சி. ஜார்ஜியாவின் இனப்பிரிவினைச் சட்டங்களால் படத்தின் கறுப்பின நடிகர்கள் எவரும் அங்கு வரவில்லை. விழாவை ஒட்டி முந்தைய நாள் நடந்த வெள்ளையர் நடன விருந்தில் எபினேசர் தேவாலயப் பாடகர் குழு அடிமை உடையணிந்து பாடியது. அக்குழுவில் பத்து வயதுச் சிறுவன் மார்ட்டின் லூதர் கிங்கும் நின்றான். 1940 பிப்ரவரி 29 அன்று விருது விழா நடந்த அம்பாசடர் விடுதியும் கறுப்பினத்தவரை அனுமதிப்பதில்லை. செல்ஸ்னிக் தனிப்பட்ட முறையில் கேட்டுக்கொண்டதால் மெக்டேனியல் உள்ளே விடப்பட்டார். படக்குழுவினரின் மேசையில் அவருக்கு இடமில்லை. சுவரோரம் ஒரு சிறிய மேசை போடப்பட்டிருந்தது. அங்கிருந்து எழுந்து நடந்துபோய்ச் சிறந்த துணை நடிகைக்கான வில்லையைப் பெற்றுக்கொண்டார். அக்காலத்தில் துணைப் பாத்திரங்களுக்குச் சிலை தருவதில்லை. அடுத்த கறுப்பினப் பெண் ஆஸ்கார் பெற ஐம்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

விருது அவருக்குப் புதிய வேடங்களைத் தரவில்லை. விதிவிலக்காக, வழக்கறிஞர்களாகிய நாம் மறக்க முடியாத ஒரு படம் உண்டு: 1942இல் ஜான் ஹியூஸ்டன் இயக்கிய 'இன் திஸ் அவர் லைஃப்'. இதிலும் மெக்டேனியல் பணிப்பெண்தான். ஆனால் இந்தப் பணிப்பெண்ணுக்கு ஒரு மகன் இருக்கிறான். அவன் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே சட்டம் பயில விரும்புபவன். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி காரோட்டிக் குழந்தையைக் கொன்றுவிட்டு, பழியை அவன்மேல் போடுகிறாள். சம்பவ நேரத்தில் மகன் வீட்டில் தன்னுடன் இருந்தான் என்று சொல்லவரும் தாயின் முகத்தில் அழுகையைவிடக் களைப்பே மிகுதியாகத் தெரிகிறது. கறுப்பினச் சிறுவன் சொல்வதைக் காவல்துறை காதுகொடுத்தும் கேட்காது என்று அவளுக்கு முன்பே தெரியும். காவல் நிலைய வாசல்களில் இத்தகைய தாய்மார்களோடு நின்றிருக்கிறோம். அந்தக் களைப்பு நடிப்பென்று நமக்குத் தோன்றவில்லை. அமெரிக்கப் போர்க்காலத் தணிக்கை அலுவலகம் இப்படத்தை வெளிநாடுகளுக்கு அனுப்ப ஒப்புதல் மறுத்தது. காரணம், அது இனப்பாகுபாட்டை உள்ளபடி காட்டியதுதான்.

அதே 1942இல் என்.ஏ.ஏ.சி.பி. என்னும் கறுப்பின உரிமைச் சங்கத்தின் செயலாளர் வால்டர் ஒயிட் ஹாலிவுட்டுக்கு வந்து ஸ்டூடியோ அதிபர்களைச் சந்தித்தார். வேலைக்காரர், கோமாளி வேடங்களைக் குறையுங்கள், கறுப்பினத்தவரை இயல்பான மனிதர்களாகக் காட்டுங்கள் என்பது கோரிக்கை. கோரிக்கையில் தவறில்லை. ஆனால் அந்த வேடங்களை நடித்துப் பிழைத்தவர்களிடம் அவர் கலந்து பேசவில்லை. தங்கள் தொழிலைப் பற்றித் தங்கள் தலைக்கு மேலாக முதலாளிகளோடு பேசப்படுகிறது என்று மெக்டேனியலும் மற்றவர்களும் கொதித்தார்கள். போருக்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஸ்டூடியோக்கள் பணிப்பெண் வேடங்களைக் குறைத்தன. அவற்றின் இடத்தில் ஆசிரியை, செவிலியர், வழக்கறிஞர் வேடங்களை எழுதவில்லை. வேடங்களே குறைந்தன. மெக்டேனியலின் கடைசிப் படம் 1949இல் வந்தது.

ஒயிட் சொன்னது தவறு என்று நாம் கூறவில்லை. பிம்பத்துக்கு எதிரான போராட்டம் தேவையானதே. ஆயினும் தொழிலாளியை விலக்கிவிட்டு முதலாளியிடம் வைக்கப்படும் சீர்திருத்தக் கோரிக்கையை முதலாளி தனக்கு வசதியான பாதியளவில் மட்டுமே நிறைவேற்றுவான். தொழிற்சங்கத்தில் பணியாற்றிய எவருக்கும் இது புதிதல்ல.

இப்போது வீட்டுக்கு வருவோம். விருதுக்குப் பின் மெக்டேனியல் லாஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்ட் ஆடம்ஸ் ஹைட்ஸ் பகுதியில், சவுத் ஹார்வர்டு பொலிவார்டில், ஒரு பெரிய வீட்டை வாங்கினார். வசதி படைத்த கறுப்பினத்தவர் பலர் அங்கே வீடு வாங்கத் தொடங்கியிருந்தார்கள்; 'சுகர் ஹில்' என்று அப்பகுதிக்குப் பெயரும் வந்துவிட்டது. அங்கிருந்த வெள்ளையர் சங்கம் பத்திரங்களின் ஷரத்தைச் சுட்டி வழக்குத் தொடுத்தது.

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வெள்ளையர் தெரு, கறுப்பினத்தவர் தெரு என்று நகராட்சியே சட்டமியற்றிப் பிரிப்பது செல்லாது என 1917இல் புக்கானன் எதிர் வார்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (அதே 1917இல்தான் பரோடாவில் தங்கியிருந்த விடுதியிலிருந்து அண்ணல் அம்பேத்கர் வெளியேற்றப்பட்டார்.) அரசு நேரடியாகச் செய்ய முடியாததைத் தனியார் பத்திரங்கள் செய்யத் தொடங்கின. தனியார் ஒப்பந்தத்தில் அரசமைப்புச் சட்டம் தலையிடாது என்ற போக்கில் 1926இல் காரிகன் எதிர் பக்லி வழக்கு முடிந்ததால், ஷரத்துகள் நாடெங்கும் பெருகின. இருபதாண்டுகளாக நீதிமன்றங்கள் அவற்றை நிறைவேற்றிக் கொடுத்துவந்தன.

சுகர் ஹில் வழக்கில் பிரதிவாதிகளுக்காக வாதாடியவர் லோரன் மில்லர். அவர் அந்த வாதத்தின் வேரையே பிடித்தார். ஒப்பந்தம் தனியாருடையதாக இருக்கலாம். ஆனால் அதை நிறைவேற்ற உத்தரவிடும் நீதிமன்றம் அரசின் ஓர் உறுப்பு. ஆகவே அந்த உத்தரவு, சட்டத்தின் சமப் பாதுகாப்பை எவருக்கும் எந்த மாநிலமும் மறுக்கக் கூடாது என்னும் 14ஆம் திருத்தத்தை மீறுகிறது. நீதிபதி தர்மண்ட் கிளார்க் அந்தத் தெருக்களை நேரில் சென்று பார்த்தார். மறுநாள் காலை வழக்கைத் தள்ளுபடி செய்தார். இத்திருத்தம் உறுதியளித்த உரிமைகளைக் கறுப்பினத்தவருக்கு முழுமையாக அளிக்கும் காலம் வந்துவிட்டது என்பது அவர் கருத்து. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே, 1948 மே 3 அன்று ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே கோட்பாட்டை நாடு முழுவதற்குமான சட்டமாக்கியது. அதனோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட டெட்ராய்ட் வழக்கில் தர்குட் மார்ஷலுடன் வாதாடியவரும் மில்லரே. மூன்று நீதிபதிகள் அமர்விலிருந்து விலகிக்கொண்டார்கள். காரணம் அறிவிக்கப்படவில்லை, அவர்களுடைய வீடுகளே அத்தகைய ஷரத்துக்கு உட்பட்டவை என்ற கருத்து பரவலாக உண்டு.

மில்லரைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் இக்கட்டுரையை எழுதத் தூண்டியவர் அவர்தான். சட்டம் படித்துவிட்டுப் பத்திரிகையாளராக இருந்த அவர், 1932இல் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் உள்ளிட்ட குழுவோடு மாஸ்கோ சென்றார். அமெரிக்கக் கறுப்பினத் தொழிலாளர் வாழ்வைப் பற்றி அங்கே ஒரு படம் எடுப்பதாக இருந்தது, படம் கைவிடப்பட்டது. 1934 நவம்பரில் 'தி கிரைசிஸ்' இதழில் 'ஹாலிவுட்டில் அங்கிள் டாம்' என்ற கட்டுரையை எழுதினார். ஆப்பிரிக்கர்களிடமிருந்து வெள்ளைக் கதாநாயகி மீட்கப்படும் காட்சிக்குக் கறுப்பினப் பார்வையாளர்களே கைதட்டியதைக் கண்ட அதிர்ச்சியிலிருந்து தொடங்கி, அடிமைத்தனத்தைப் போற்றும் வேடங்களைக் கடுமையாகச் சாடிய கட்டுரை அது. அதை எழுதியவர்தான், பதினோரு ஆண்டுகள் கழித்து, அவ்வேடங்களின் மிகப் புகழ்பெற்ற நடிகைக்காக நீதிமன்றத்தில் நின்றார். வேடத்தைக் குறித்த தம் விமரிசனத்தை அவர் கைவிட்டதாகத் தெரியவில்லை. அதற்காக நடிகையைக் கைவிடவும் இல்லை. எதிர்த் தரப்பிலிருந்தவர்கள் கேட்டதும், ஹாலிவுட் எழுதியதும் ஒன்றே என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஷெல்லி தீர்ப்பைப் படிக்கும் நம் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. 2005இல் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற அகமதாபாத் சங்கத்தின் துணைவிதி செல்லும் என்று நம் உச்ச நீதிமன்றம் கூறியது. சங்கம் அமைக்கும் உரிமையை அது முன்னிறுத்தியது. சிறுபான்மையினர் தம் பண்பாட்டைக் காக்க ஒன்றாக வாழ்வது வேறு என்று வாதிடலாம். அந்த வாதத்தில் பொருளுண்டு. ஆனால் அதே தர்க்கத்தை ஆதிக்கச் சாதிக் குடியிருப்புச் சங்கம் ஒன்று கையிலெடுத்தால் எந்த வாசகம் தடுக்கும்? நம் அரசமைப்பின் 15(2) உறுப்பு கடைகளையும் விடுதிகளையும் கிணறுகளையும் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. வாடகை வீட்டைக் குறிப்பிடவில்லை. இளம் வழக்கறிஞர்களாகச் சென்னையில் வீடு தேடிய நாள்களில், "சொந்த ஊர் எது, எந்தத் தெரு?" என்ற கேள்விக்குப் பின் சாவியை மீண்டும் இடுப்பில் செருகிக்கொண்ட வீட்டுக்காரரை எந்தப் பிரிவின்கீழ் நிறுத்துவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பத்திரம் எதுவும் எழுதப்படாததால் ரத்து செய்யவும் எதுவுமில்லை.

வீட்டை வென்ற மெக்டேனியல் வானொலிக்குத் திரும்பினார். 'பியூலா' என்ற பணிப்பெண் கதாபாத்திரம் முதலில் ஒரு வெள்ளை ஆணின் குரலில் பிறந்தது. கறுப்பினப் பெண்ணைப் போலக் குரல் மாற்றிப் பேசுவார் அவர். 1947 நவம்பரில் அந்த வேடம் மெக்டேனியலுக்கு வந்தபோது, அமெரிக்க வானொலித் தொடர் ஒன்றில் முதன்மை வேடமேற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். சிதைத்த கொச்சை மொழியில் பேசமாட்டேன், ஒப்பாத வசனத்தை மாற்றவேண்டும் என்று நிபந்தனை வைத்ததாக அக்காலச் செய்திகள் கூறுகின்றன. முப்பதாண்டுத் தொழில் வாழ்வுக்குப் பின் ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் அவருடைய வாசகம் ஏறியது. ஆனாலும் அது பணிப்பெண் வேடமே. தொலைக்காட்சியில் 'பியூலா' 1950இல் எத்தல் வாட்டர்ஸுடன் தொடங்கியது, 1951இல் என்.ஏ.ஏ.சி.பி. அத்தொடரைக் கண்டித்தது, அதே ஆண்டில் மெக்டேனியல் அவ்வேடத்தை ஏற்றார். ஆறு பகுதிகள் படமாக்கப்பட்ட நிலையில் நோய்வாய்ப்பட்டார்; அவருக்குப் பதிலாக லூயிஸ் பீவர்ஸ் வந்தார். 1952 அக்டோபர் 26 அன்று மார்பகப் புற்றுநோயால் மெக்டேனியல் காலமானார்.

ஆஸ்கார் வில்லையை ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருந்தார். அது அங்கிருந்து எப்போது, எப்படிக் காணாமற்போனது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2023 அக்டோபரில் அகாதெமி மாற்று வில்லை ஒன்றைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கியது. சுகர் ஹில்லின் நடுவே 1960களில் சாண்டா மோனிகா நெடுஞ்சாலை போடப்பட்டது. வழக்கில் காப்பாற்றிய தெருக்களில் பல அதன் கீழே போயின. நீதிமன்றத்தால் வெளியேற்ற முடியாதவர்களை நிலமெடுப்பு வெளியேற்றியது.

உயிலில் அவர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: வெண்ணிறக் கார்டினியா மலர்களோடு ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் தம்மை அடக்கம் செய்ய வேண்டும். அத்தோட்டம் வெள்ளையரை மட்டுமே ஏற்றது, உரிமையாளர் மறுத்துவிட்டார். மயானத்தைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது நம் நாட்டில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவின்கீழ் குற்றம். 2015 திருத்தத்தில்தான் அது சேர்க்கப்பட்டது. அதைக் கொண்டு வழக்குப் பதிவுசெய்ய வைப்பதற்குள் உடலைத் தோளில் சுமந்து வயல்வரப்பில் நடந்து முடித்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

மெக்டேனியல் தம் இரண்டாம் விருப்பமாகக் குறித்திருந்த ரோஸ்டேல் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1884இல் தொடங்கிய காலம் முதல் எல்லா இனத்தவரையும் ஏற்ற இடம் அது. 1999இல் ஹாலிவுட் தோட்டத்தின் புதிய உரிமையாளர் அவருடைய உடலை அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று முன்வந்தார். குடும்பத்தார் இசையவில்லை, ஆகவே ஹாலிவுட்டில் ஒரு நினைவுக்கல் மட்டும் நடப்பட்டது. அவர் இன்னும் ரோஸ்டேலில்தான் இருக்கிறார். அங்கிருந்து தெற்கே வாஷிங்டன் பொலிவார்டைக் கடந்து சற்றே மேற்காக நடந்தால், நீதிமன்றத்தில் அவர் வென்ற வீட்டின் தெருவை அரை மணி நேரத்துக்குள் அடைந்துவிடலாம்.